ஈரல் தன் தொழிலை மறக்கும்போது: கல்லீரல் புற்றுநோயும் வளர்சிதை மாற்ற மரபணுக்களும்

கல்லீரல் புற்றுநோய் இருக்குமோ என்று சந்தேகம் வந்தால் எடுக்கச் சொல்லும் ரத்தப் பரிசோதனைகளில் ஒன்று ஏஎஃப்பி. ஆல்ஃபா ஃபீட்டோ புரோட்டீன் என்பது அதன் முழுப்பெயர். 'ஃபீட்டோ' என்ற சொல் கருவைக் குறிக்கிறது. தாயின் வயிற்றில் இருக்கும் சிசுவின் ஈரல்தான் இந்தப் புரதத்தை ஏராளமாகச் செய்கிறது. குழந்தை பிறந்து ஓராண்டு ஆவதற்குள் இதன் உற்பத்தி ஏறக்குறைய நின்றுபோய், அந்த இடத்தை ஆல்புமின் எடுத்துக்கொள்ளும். இரண்டுக்குமான மரபணுக்களும் 4ஆம் குரோமோசோமில் பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரர்கள். ஒன்று அடங்க, மற்றொன்று எழும்.

ஐம்பது வயதுக்காரர் ஒருவரின் ரத்தத்தில் ஏஎஃப்பி மீண்டும் ஏறுகிறது என்றால், ஈரல் செல்கள் சில வளர்ந்த செல்லுக்குரிய வேலையை விட்டுவிட்டுக் கருவில் இருந்தபோது செய்ததைச் செய்யத் தொடங்கியிருக்கலாம் என்று பொருள். (ஹெபடைடிஸ் முற்றியிருக்கும்போதும், கர்ப்ப காலத்திலும், சில வகை விரைக் கட்டிகளிலும்கூட இது கூடும். அதனால்தான் இதை மட்டும் வைத்து யாரும் புற்றுநோய் என்று முடிவு கட்டுவதில்லை.) இந்தக் கட்டுரையில் வரும் மரபணுக்களின் பெயர்கள் எவ்வளவு முரட்டுத்தனமாகத் தோன்றினாலும், அவற்றில் பெரும்பாலானவை ஏஎஃப்பி சொல்லும் இதே கதையைத்தான் வேறு வேறு வாயால் சொல்கின்றன.

முதலில் எந்தப் புற்றுநோயைப் பற்றிப் பேசுகிறோம் என்பதைத் தெளிவாக்கிக்கொள்வோம். குடலிலோ மார்பகத்திலோ தொடங்கி ஈரலுக்குப் பரவியது வேறு. ஈரலிலேயே பிறக்கும் புற்றுநோய்களில் நூற்றுக்கு 75 முதல் 85 வரை ஈரல் செல்லிலிருந்து எழும் ஹெப்பட்டோசெல்லுலர் கார்சினோமா. மருத்துவர்கள் சுருக்கமாக எச்.சி.சி. என்பார்கள். 2022ஆம் ஆண்டுக்கான உலகக் கணக்கின்படி, ஈரலில் தோன்றும் புற்றுநோய்க்குப் புதிதாக ஆளானவர்கள் சுமார் 8,66,000 பேர். இறந்தவர்கள் சுமார் 7,58,000 பேர். இரண்டு எண்களும் இவ்வளவு நெருக்கமாக இருப்பதே இந்த நோயின் சுபாவத்தைச் சொல்லிவிடும். ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி வைரஸ்கள், மது, உடல் பருமனோடும் நீரிழிவோடும் வரும் கொழுப்பு ஈரல், பூசணம் பிடித்த நிலக்கடலையிலும் சோளத்திலும் சேரும் அஃப்ளாடாக்சின் நஞ்சு ஆகியவை முக்கியக் காரணங்கள். பெரும்பாலானவர்களுக்கு முதலில் ஈரல் தழும்பேறி இறுகும். இதுதான் சிரோசிஸ். அதன்மேல்தான் கட்டி முளைக்கும்.

ரேஷன் கடை மூடிக்கொண்டால்

வளர்சிதை மாற்றம் என்றால் சாப்பிட்டதை உடைத்து எரிபொருளாக்குவது, எரிபொருளைச் சேமிப்பது, சேமித்ததிலிருந்து புதிய பொருள்களைக் கட்டுவது, கழிவை வெளியேற்றுவது. இந்த ஒவ்வொரு படிக்கும் ஒரு நொதி வேண்டும். அந்த நொதியைச் செய்வதற்கான குறிப்பு எழுதியிருக்கும் மரபணுவைத்தான் வளர்சிதை மாற்ற மரபணு என்கிறோம். எல்லாச் செல்லிலும் எல்லா மரபணுக்களும் இருக்கின்றன. எதைத் திறந்து படிப்பது, எதைப் பூட்டி வைப்பது என்பதில்தான் ஈரல் செல்லும் தோல் செல்லும் வேறுபடுகின்றன.

ஒன்றரைக் கிலோ எடை கொண்ட ஈரல் உடம்பின் ரேஷன் கடை மாதிரி. சாப்பிட்டவுடன் வரும் குளுக்கோஸை வாங்கி, சுமார் 100 கிராம் வரை கிளைக்கோஜனாக அடுக்கி வைக்கும். இரவு பட்டினியில் அதைப் பிரித்து ரத்தத்துக்கு விடும். இருப்புத் தீர்ந்தால் லாக்டேட், அமினோ அமிலம் போன்றவற்றிலிருந்து புதிதாகவே குளுக்கோஸ் செய்து அனுப்பும். தனக்கென்று அது எடுத்துக்கொள்வது கொஞ்சம்தான். மற்ற உறுப்புகளுக்கு விநியோகிப்பதே அதன் தொழில்.

வேகமாகப் பெருக நினைக்கும் செல்லுக்கு இந்தத் தொழில் கட்டுப்படியாகாது. ஒரு செல் இரண்டாக வேண்டுமானால் சவ்வுக்குக் கொழுப்பு, டிஎன்ஏவுக்கு நியூக்ளியோடைடு, புரதத்துக்கு அமினோ அமிலம் எல்லாமே இரட்டிப்பாகத் தேவை. எனவே புற்றுச் செல் விநியோகத்தை நிறுத்திவிட்டுப் பதுக்கத் தொடங்குகிறது. இது எப்படி நடக்கிறது என்பதை ஒரே ஒரு படியை எடுத்துக்கொண்டு நிதானமாகப் பார்த்தால் மற்றவை தாமாகப் புரியும்.

செல்லுக்குள் நுழைந்த குளுக்கோஸ் மேல் ஒரு பாஸ்பேட்டை ஒட்ட வேண்டும். ஒட்டினால்தான் அது வெளியே நழுவாமல் உள்ளே தங்கும். வளர்ந்த ஈரலில் இந்த வேலையைச் செய்வது குளுக்கோகைனேஸ். அதன் மரபணு ஜிசிகே. இது ஒரு சோம்பேறி நொதி, அதுவும் காரணத்தோடுதான். ரத்தச் சர்க்கரை 140 மில்லிகிராமை ஒட்டி ஏறினால்தான் இதன் வேகம் பாதிக்கே வரும். பட்டினியின்போது ஏறக்குறைய ஒதுங்கிக்கொள்ளும். அதனால்தான் மூளைக்குப் போக வேண்டிய சர்க்கரையை ஈரல் பிடுங்கிக்கொள்வதில்லை.

எச்.சி.சி. செல்லில் ஜிசிகே மங்கிவிடுகிறது. பதிலுக்கு எச்கே2 என்னும் ஹெக்சோகைனேஸ்-2 எழுகிறது. வளர்ந்த, நலமான ஈரல் செல்லில் இதைத் தேடினாலும் கிடைக்காது. இந்த நொதி ஒரு டெசிலிட்டருக்குச் சில மில்லிகிராம் சர்க்கரை இருந்தாலே பாதி வேகத்தை எட்டிவிடும். விருந்தோ விரதமோ அதற்கு ஒன்றுதான். எப்போதும் முழு மூச்சில் சர்க்கரையைப் பிடித்து உள்ளே போட்டுக்கொண்டிருக்கும்.

இதே குளுக்கோஸுக்கு வெளியேறும் கதவு ஒன்றும் உண்டு. ஒட்டிய பாஸ்பேட்டைக் கழற்றி சர்க்கரையை ரத்தத்துக்கு அனுப்பும் குளுக்கோஸ்-6-பாஸ்படேஸ் நொதிதான் அது. ஈரலுக்கும் சிறுநீரகத்துக்கும் வாய்த்த தனிச் சிறப்பு. கட்டி முற்ற முற்ற இந்தக் கதவும் சாத்தப்படுகிறது. புதிதாகக் குளுக்கோஸ் செய்யும் எஃப்பிபி1, பிசிகே1 என்ற இரண்டு மரபணுக்களும் சேர்ந்தே அடங்கிவிடும். உள்ளே வருவது கூடி, வெளியே போவது நின்றால் கட்டிக்குள் சர்க்கரை குவியும். அதில் பெரும்பகுதியை, ஆக்சிஜன் இருந்தாலும்கூட, முழுதாக எரிக்காமல் பாதி வழியில் லாக்டேட்டாக மாற்றித் தள்ளிவிடும். ஒரு குளுக்கோஸை முழுதாக எரித்தால், செல்லின் ஆற்றல் நாணயமான ஏடிபி 30 அளவுக்குக் கிடைக்கும். பாதி வழியில் நிறுத்தினால் நிகரமாகக் கிடைப்பது 2. நஷ்ட வியாபாரம் போலத் தோன்றும். ஆனால் பாதி வழியில் கிளை பிரியும் இடைப்பொருள்கள்தாம் புதுச் செல்லைக் கட்டும் செங்கற்கள். ஜெர்மன் விஞ்ஞானி ஓட்டோ வார்பர்க் 1920களில் கண்ட இந்தப் போக்கு இன்றும் அவர் பெயராலேயே அழைக்கப்படுகிறது.

இங்கே ஒரு நடைமுறை விஷயம். பெட் ஸ்கேனில் ஊசி வழியாகச் செலுத்தும் எஃப்டிஜி என்பது கதிரியக்கம் ஏற்றிய சர்க்கரை. பாஸ்பேட் ஒட்டிக்கொண்டு செல்லுக்குள் சிக்கினால்தான் படத்தில் ஒளிரும். நுரையீரல் புற்றுநோயில் நன்றாக வேலை செய்யும் இந்த ஸ்கேன், எச்.சி.சி.யில் பாதிக்கு நெருக்கமான கட்டிகளைக் கோட்டை விட்டுவிடும். ஸ்கேனில் கோளாறு எதுவும் இல்லை. ஈரல் குணம் இன்னும் மாறாத கட்டியில் அந்த வெளிக்கதவு திறந்தே இருப்பதால் எஃப்டிஜி வந்த வழியே போய்விடுகிறது. கதவு மூடி எச்கே2 ஏறிய கட்டிதான் பளிச்சென்று எரியும். ஆகவே எச்.சி.சி.யில் 'பெட் ஸ்கேன் நார்மல்' என்றால் புற்றுநோய் இல்லை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. மாறாக, பெட்டில் நன்றாக ஒளிரும் எச்.சி.சி. பொதுவாக மூர்க்கமானது, மாற்று ஈரல் பொருத்திய பிறகும் திரும்ப வரும் வாய்ப்பு அதற்குக் கூடுதல். இரண்டு மரபணுக்களின் ஏற்ற இறக்கத்தை வெளியிலிருந்தே ஒரு படம் காட்டிக்கொடுக்கிறது.

மற்ற மாற்றங்கள்

சர்க்கரைப் பாதையில் கீழே இறங்கினாலும் இதே ஆள்மாறாட்டம்தான். ஈரலுக்குரிய ஆல்டோலேஸ் பி போய் ஆல்டோலேஸ் ஏ வருகிறது. ஈரல் வகைப் பைருவேட் கைனேஸுக்குப் பதில் கருவில் இருக்கும் வகையான பிகேஎம்2. குளுக்கோஸை உள்ளே விடும் வாயிலும் குளூட்2 என்பதிலிருந்து குளூட்1 பக்கம் சாய்கிறது. ஒரே வேலைக்கு இரண்டு வார்ப்புகள் இருந்தால், ஈரலுக்கென்று வார்த்ததை விட்டுவிட்டு எல்லாச் செல்லுக்கும் பொதுவானதை எடுத்துக்கொள்வது என்று நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

அமினோ அமிலப் பக்கம் மேட்1ஏ என்ற மரபணுவைச் சொல்லாமல் போக முடியாது. டிஎன்ஏவின் மேல் மெத்தில் குறிகளை வைப்பதற்கான மூலப்பொருளை ஈரலில் செய்வது இதுதான். எச்.சி.சி.யில் இது இறங்கி மேட்2ஏ ஏறுகிறது. எலியில் மேட்1ஏவை மட்டும் நீக்கிப் பார்த்தபோது முதலில் கொழுப்பு ஈரலும் பிறகு ஈரல் புற்றுநோயும் தாமாகவே வந்தன. இத்தகைய சோதனை நடந்த மரபணுக்களுக்கும், 'கட்டியில் அளவு மாறியிருக்கிறது' என்பதோடு நிற்கும் மரபணுக்களுக்கும் உள்ள வித்தியாசம் மிகப் பெரியது.

யூரியா சுழற்சி இன்னொரு சுவையான இடம். புரதம் உடையும்போது வரும் அமோனியாவை யூரியாவாக்கும் இந்தச் சுழற்சி, முழுமையாக நடப்பது ஈரலில்தான். சிபிஎஸ்1, ஓடிசி, ஏஎஸ்எஸ்1, ஏஆர்ஜி1 போன்ற மரபணுக்கள் வரிசையாக நின்று இதை நடத்துகின்றன. பல கட்டிகளில் ஏஎஸ்எஸ்1 அணைந்துவிடும். ஏன் என்று யோசித்தால் தர்க்கம் புரியும்: ஏஎஸ்எஸ்1 தின்னும் பொருள் அஸ்பார்டேட், அதே அஸ்பார்டேட்தான் டிஎன்ஏ கட்டவும் வேண்டும். சுழற்சியை நிறுத்தினால் மிச்சம். ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு. அர்ஜினினைச் சொந்தமாகச் செய்யும் வழியும் அடைபட்டுப்போகும். இந்தப் பலவீனத்தைப் பற்றிக் கடைசியில் பேசுவோம்.

கொழுப்பில் எஃப்ஏஎஸ்என், எஸ்சிடி போன்ற கட்டும் மரபணுக்கள் பல கட்டிகளில் ஏறுகின்றன. சர்க்கரையின் கிளைப்பாதையில் ஜி6பிடி ஏறுகிறது. டிஎன்ஏவுக்கான சர்க்கரைத் துண்டும், செல்லைத் துருப்பிடிக்காமல் காக்கும் என்ஏடிபிஹெச்சும் இந்தப் பாதையில்தான் கிடைக்கின்றன. பிறவியிலேயே ஜி6பிடி குறைபாடு உள்ளவர்களுக்குச் சில மாத்திரைகள் ஆகாது என்பார்களே, அதே நொதிதான். ஆனால் அந்தக் குறைபாடும் இந்த ஏற்றமும் வேறு வேறு விஷயங்கள். ஒன்றை மற்றொன்றோடு போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

இத்தனையையும் தனித்தனி மரபணு பழுதாகித்தான் நடக்க வேண்டும் என்றால் நூறு விபத்துகள் ஒன்றாக நேர வேண்டும். அப்படி இல்லை. மேலிருந்து ஆணையிடும் சில மரபணுக்கள் இருக்கின்றன. ஹெச்என்எஃப்4ஏ என்பது ஈரல் குணத்தைக் காக்கும் மேலதிகாரி; அது தளர்ந்தால் அதன்கீழ் உள்ள நூற்றுக்கணக்கானவை சேர்ந்தே தளரும். மிக், ஹைஃப்-1 ஆல்ஃபா, ஏகேடி போன்றவை வளர்ச்சிப் பக்கம் தள்ளுகின்றன. எஃப்பிபி1 போன்றவற்றின் முகப்பில், அதாவது மரபணுவைப் படிக்கத் தொடங்கும் இடத்தில், மெத்தில் பூட்டும் விழுகிறது. அதனால் கட்டியின் டிஎன்ஏவைப் படித்தால் வளர்சிதை மாற்ற மரபணுக்களில் எழுத்துப் பிழை அதிகம் தெரியாது. அடிக்கடி பிழைபடுபவை டெர்ட்டின் முகப்பு, டிபி53, சிடிஎன்என்பி1 ஆகியவை. எழுத்து சரியாக இருந்தும் படிக்கப்படாமல் கிடக்கும் பக்கங்கள்தாம் கட்டியில் அடங்கிப்போன வளர்சிதை மாற்ற மரபணுக்கள். விதிவிலக்காக, புற்றுநோய்களின் மரபணுத் தரவைத் திரட்டும் அமெரிக்கத் திட்டமான டிசிஜிஏ 2017இல் வெளியிட்ட எச்.சி.சி. ஆய்வில், 363 கட்டிகளை அலசியபோது, ஆல்புமின், ஏபிஓபி ஆகிய மரபணுக்களிலேயே பிறழ்வுகள் அடிக்கடி தென்பட்டன. இரண்டும் ஈரல் ஓயாமல் செய்து வெளியே அனுப்பும் புரதங்கள். ஏற்றுமதியை நிறுத்தினால் கட்டிக்குச் சரக்கு மிச்சம் என்ற விளக்கம் இதற்கும் பொருந்துகிறது.

சிடிஎன்என்பி1 பற்றி ஒரு வார்த்தை. இது பீட்டா-கேட்டனின் என்ற புரதத்தின் மரபணு. மூன்றில் ஒரு பங்குக்கு நெருக்கமான எச்.சி.சி.க்களில் இதில் பிறழ்வு உண்டு. நலமான ஈரலில் மையச் சிரையை ஒட்டிய ஓரிரண்டு வரிசைச் செல்கள் மட்டும் குளூட்டமைன் சிந்தடேஸ் என்னும் நொதியைச் செய்யும். அதற்கு ஆணை தருவது பீட்டா-கேட்டனின். பிறழ்வு வந்த கட்டியிலோ எல்லாச் செல்லும் அந்த நொதியால் நிறைந்திருக்கும். இந்த வகைக் கட்டிகள் பெரும்பாலும் ஈரல் குணத்தை ஓரளவு வைத்துக்கொண்டிருப்பவை. 'வளர்சிதை மாற்றம் மாறிவிட்டது' என்ற ஒரே சொல்லுக்குள் இப்படி நேரெதிர் முகங்களும் அடங்கும்.

காரணமா, விளைவா?

இதுவரை சொன்னதைக் கேட்டு ஒருவர் இப்படி வாதிடலாம்: புற்றுநோய் வந்ததால் மரபணுக்கள் மாறினவே தவிர, மரபணுக்கள் மாறியதால் புற்றுநோய் வந்தது என்பதற்கு என்ன சாட்சி? நியாயமான கேள்வி. பதில் பிறவி நோய்களில் இருக்கிறது.

டைரோசினீமியா முதல் வகை என்ற அரிய நோயில் எஃப்ஏஹெச் என்ற ஒரே ஒரு மரபணு பிறவியிலேயே பழுது. டைரோசின் என்ற அமினோ அமிலத்தை உடைக்கும் பாதையின் கடைசிப் படி இது. அது அடைபட்டதும் அதற்கு முந்தைய பொருளான ஃபுமரைல் அசிட்டோ அசிட்டேட் ஈரலில் தேங்குகிறது. அது டிஎன்ஏவோடு ஒட்டி அதைச் சிதைக்கும் நஞ்சு. வைரஸ் வேண்டாம், மது வேண்டாம்; சிறு குழந்தைக்கே எச்.சி.சி. வந்துவிடும். மருந்தில்லாத காலத்தில், இரண்டு வயதைத் தாண்டிப் பிழைத்த குழந்தைகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஈரல் புற்றுநோய் கண்டதாக 1976இல் பதிவானது. கனடாவின் கியூபெக் மாகாணத்தில் சாகனே-லாக்-செயின்ட்-ஜான் வட்டாரத்தில் சுமார் 1,850 பிறப்புக்கு ஒன்று என்ற அளவில் இந்த நோய் வருகிறது. உலகில் வேறெங்கும் காணாத அடர்த்தி.

1992இல் நிடிசினோன் என்ற மருந்தின் பலன் வெளியானது. அது பிறந்த கதை விசித்திரமானது. பாட்டில் பிரஷ் செடியின் அடியில் களை குறைவாக முளைப்பதைக் கவனித்ததில் தொடங்கிய களைக்கொல்லி ஆராய்ச்சியின் வழித்தோன்றல் அது. பழுதான படியை அது சரிசெய்வதில்லை. மூன்று படிகளுக்கு முன்னால் இருக்கும் நொதியை அடைத்துவிடுகிறது. நஞ்சு உண்டாகவே வழியில்லை. வழக்கமான அளவு தினமும் உடல் எடை ஒரு கிலோவுக்கு 1 மில்லிகிராம். மேலே அடைத்ததால் டைரோசின் ரத்தத்தில் ஏறும். அது கண்ணின் கருவிழியில் படிகமாகப் படியும். ஆகவே புரதம் அளந்த உணவும் கட்டாயம். பிறந்த முதல் மாதத்துக்குள் மருந்தைத் தொடங்கிய குழந்தைகளின் ஈரல் காப்பாற்றப்பட்டது. தாமதமானவர்களுக்கு ஆபத்து மிஞ்சியே நிற்கிறது. ஒரு வளர்சிதை மாற்ற மரபணு புற்றுநோயைத் தொடக்க முடியும் என்பதற்கு இதைவிட நேரடியான சாட்சி தேவையில்லை.

முன்பு பார்த்த வெளிக்கதவு பிறவியிலேயே பழுதானால் கிளைக்கோஜன் சேமிப்பு நோயின் முதல் வகை. அதில் இளவயதிலேயே ஈரலில் சாதாரணக் கட்டிகள் பல முளைத்து, சிலருக்குப் புற்றாக மாறும். இரும்பைத் தேவைக்கு மேல் உறிஞ்ச வைக்கும் ஹெச்எஃப்இ பிறழ்வும் சிரோசிஸ் வழியாக அங்கேதான் கொண்டுபோய் விடும்.

இவை எல்லாம் அரிதானவை. எல்லா ஊரிலும் பரவலாக இருப்பது பிஎன்பிஎல்ஏ3 என்ற மரபணுவின் ஒரு மாற்று வடிவம். 2008இல் அமெரிக்காவின் டல்லஸ் மக்களிடம் நடந்த ஆய்வில், இந்த மரபணு செய்யும் புரதத்தின் 148ஆம் இடத்தில் ஐசோலியூசின் என்ற அமினோ அமிலத்துக்குப் பதில் மெத்தியோனின் இருந்தால் ஈரலில் கொழுப்பு கூடுவது தெரியவந்தது. மாறிய புரதம் கொழுப்புத் துளியின் மேல் போய் உட்கார்ந்துகொண்டு, கொழுப்பு உடைவதைத் தடுக்கிறது. அப்பா அம்மா இருவரிடமிருந்தும் இந்த வடிவத்தைப் பெற்றவர்களுக்குக் கொழுப்பு ஈரல், தழும்பு, எச்.சி.சி. மூன்றும் வரும் வாய்ப்பு கூடுதல். மதுவோ உடல் பருமனோ சேர்ந்தால் அது இன்னும் ஏறும். எதிர்த்திசையில், ஹெச்எஸ்டி17பி13 என்ற மரபணு வேலை செய்யாத வடிவம் ஈரலைக் காக்கிறது என்று 2018இல் தெரிந்தது. மாஸ்டர் செக்கப் அறிக்கையில் 'கிரேடு 1 ஃபேட்டி லிவர்' என்று எழுதியிருக்கும் இரண்டு பேரில் ஒருவருக்கு மட்டும் ஈரல் இறுகிப்போவதற்கு, வாழ்க்கைமுறையோடு இந்த வேறுபாடுகளும் ஒரு காரணம்.

ஆய்வகத்தில் ஏற்கெனவே நடப்பது

மரபணு என்றதும் ஏதோ எதிர்கால மருத்துவம் என்று தோன்றலாம். ஆனால் பயாப்சித் துண்டைப் பார்க்கும் நோயியல் மருத்துவர் இவற்றைப் பல ஆண்டுகளாகப் பயன்படுத்துகிறார். அறிக்கையில் 'ஹெப்பார்-1 பாசிட்டிவ்' என்று இருந்தால், அந்தச் சாயம் ஒட்டியது யூரியா சுழற்சியின் முதல் நொதியான சிபிஎஸ்1 மேல்தான். 'ஆர்ஜினேஸ்-1' என்றால் அதே சுழற்சியின் கடைசி நொதி. இரண்டுமே 'இது ஈரல் செல்லிலிருந்து வந்த கட்டி' என்று சொல்ல உதவுபவை. கட்டி குணம் மிகவும் கெட்டுப்போயிருந்தால் ஹெப்பார்-1 பல சமயம் ஏமாற்றிவிடும். ஆர்ஜினேஸ்-1 அப்போதும் ஓரளவு நிற்கும். சிறுகுடலின் உட்படலத்திலும் சிபிஎஸ்1 இருப்பதால் ஹெப்பார்-1 அங்கேயும் ஒட்டும். இதை மறந்தால் தவறான முடிவு வரும்.

தொடக்கநிலைப் புற்றா, புற்றுக்கு முந்தைய முடிச்சா என்று தடுமாறும்போது மூன்று சாயங்கள் போடுவார்கள்: குளூட்டமைன் சிந்தடேஸ், கிளைப்பிக்கன்-3, ஹெச்எஸ்பி70. மூன்றில் இரண்டு பாசிட்டிவ் என்றால் புற்றுநோய்ப் பக்கம் தராசு சாயும்.

நோயின் போக்கைக் கணிப்பது: கணக்கும் கண்கட்டும்

'எச்.சி.சி.யில் நோய்ப்போக்கைக் கணிக்கும் வளர்சிதை மாற்ற மரபணுத் தொகுப்பு' என்ற வகையில் ஆய்வுக் கட்டுரைகள் மழைக்கால ஈசல் போல வந்துகொண்டிருக்கின்றன. ஒவ்வொன்றிலும் மரபணுப் பட்டியல் வேறு. செய்முறை மட்டும் ஏறக்குறைய ஒன்றுதான்.

டிசிஜிஏ தரவில் சுமார் 370 ஈரல் கட்டிகளின் மரபணு வெளிப்பாடும், 50 பேருடைய பக்கத்துத் திசுவின் வெளிப்பாடும் யாரும் எடுத்துக்கொள்ளும்படி இருக்கின்றன. முதலில் வளர்சிதை மாற்ற மரபணுக்களின் பட்டியலை எடுத்துக்கொண்டு, கட்டியில் இரண்டு மடங்குக்கு மேல் ஏறியோ இறங்கியோ இருப்பவற்றைப் பிரிப்பார்கள். அவற்றில் உயிர்வாழும் காலத்தோடு தொடர்புடையவற்றை காக்ஸ் கணக்கால் சலிப்பார்கள். மிஞ்சியவற்றை லாஸ்ஸோ என்ற முறையால் ஐந்தாறாகச் சுருக்குவார்கள். கடைசியில் ஒவ்வொரு மரபணுவின் அளவையும் அதற்குரிய எடையால் பெருக்கிக் கூட்டினால் ஆபத்து மதிப்பெண்.

கற்பனை எண்களை வைத்துப் போட்டுப் பார்ப்போம். எச்கே2வுக்கு எடை 0.3, ஜி6பிடிக்கு 0.25, எஃப்பிபி1க்கு −0.2. ஒருவரின் கட்டியில் அளவுகள் முறையே 2, 4, 9 என்றால் 0.6 + 1.0 − 1.8 = −0.2. இன்னொருவருக்கு 5, 6, 4 என்றால் 1.5 + 1.5 − 0.8 = 2.2. நடுமதிப்புக்கு மேல் இருப்பவர் 'அதிக ஆபத்து', கீழே இருப்பவர் 'குறைந்த ஆபத்து'. இரண்டு குழுவுக்கும் உயிர்வாழும் கோடு வரைந்தால் கோடுகள் அழகாகப் பிரியும்.

பிரியத்தான் செய்யும். எந்த மரபணுக்கள் பிரிக்கும் என்று இதே நோயாளிகளிடம் தேடித்தானே தேர்ந்தெடுத்தோம்! கேள்வித்தாளைப் பார்த்துவிட்டுத் தேர்வு எழுதியது போல. அதனால் முதலில் பார்க்க வேண்டியது, எடைகளை மாற்றாமல் வேறொரு நாட்டு நோயாளிகளிடம் சோதித்தார்களா என்பது. ஐசிஜிசி என்ற சர்வதேசப் புற்றுநோய் மரபணுத் திட்டத்தின் ஜப்பானிய நோயாளிகள் தரவும், ஜிஎஸ்இ14520 என்ற தொகுப்பும் இதற்குப் பரவலாகப் பயன்படுகின்றன. அங்கே போனதும் வெட்டுப்புள்ளியைப் புதிதாக மாற்றிக்கொண்டால் அது சோதனையே இல்லை.

இரண்டாவது, எண்ணிக்கை. 370 கட்டிகள் இருந்தாலும் கணக்குக்கு உதவுவது நிகழ்ந்த மரணங்கள்தாம். டிசிஜிஏவில் அவை சுமார் 130. ஆயிரக்கணக்கான மரபணுக்களை 130 நிகழ்வுகளோடு உரசிப் பார்த்தால் தற்செயலாகவே பல ஒட்டிக்கொள்ளும். மூன்றாவது, ஒப்பிட எடுத்த 'நலமான' பக்கத்துத் திசு பெரும்பாலும் சிரோசிஸோ ஹெபடைடிஸோ பிடித்த ஈரல். அதை நலம் என்று வைத்துக்கொண்டால் நோயின் ஆரம்ப மாற்றங்கள் கணக்கில் வராமலே போகும். நான்காவது, அந்தக் கட்டிகள் அறுவை செய்து எடுக்கப்பட்டவை. அறுவைக்கே தகுதியில்லாத நிலையில் வரும் நோயாளிக்கு அதே மதிப்பெண் பொருந்தும் என்று சொல்ல முடியாது.

எல்லாவற்றையும்விட ஆழமான சிக்கல் ஒன்று உண்டு. 2011இல் மார்பகப் புற்றுநோய்த் தரவில் ஒரு வேடிக்கை காட்டினார்கள்: கண்ணை மூடிக்கொண்டு பொறுக்கிய மரபணுத் தொகுப்புகளில் பெரும்பாலானவைகூட உயிர்வாழும் காலத்தோடு கணக்கியல்படி தொடர்பு காட்டின. செல் எவ்வளவு வேகமாகப் பெருகுகிறது என்ற ஒரே அலை ஆயிரக்கணக்கான மரபணுக்களைச் சேர்த்து ஆட்டுகிறது. எதைத் தொட்டாலும் அந்த அலையைத்தான் தொடுகிறோம். ஈரலில் இன்னொரு அலையும் சேர்ந்துகொள்கிறது, அதுதான் ஈரல் குணம். ஒரு கட்டுரை ஆல்டோலேஸ் பியைப் பிடிக்கும், இன்னொன்று எஃப்பிபி1ஐ, மூன்றாவது மதுவைச் சிதைக்கும் ஏடிஹெச் குடும்பத்தில் ஒன்றை. பட்டியல்கள் ஒத்துப்போகவில்லையே என்று குழம்ப வேண்டியதில்லை. ஒரே மழையை வேறு வேறு வாளியில் பிடித்திருக்கிறார்கள். ஈரல் குணம் மிஞ்சியிருக்கும் கட்டி மெதுவாகப் போகும், முற்றிலும் மறந்த கட்டி வேகமாகப் போகும் என்பதே அடியில் ஓடும் செய்தி. 2009இல் எச்.சி.சி.யை எஸ்1, எஸ்2, எஸ்3 என்று மூன்றாகப் பிரித்த வகைப்பாட்டில் எஸ்3தான் ஈரல் குணம் மாறாத பிரிவு.

எனவே புதுத் தொகுப்பு எதைப் பார்த்தாலும் கேட்க வேண்டிய கேள்வி: கட்டியின் அளவு, எண்ணிக்கை, ரத்தக்குழாயில் பரவல், ஏஎஃப்பி, ஈரலின் மிச்ச வலு ஆகியவற்றை ஏற்கெனவே தெரிந்துகொண்ட மருத்துவருக்கு இது புதிதாக என்ன சொல்கிறது? பல தொகுப்புகள் இங்கேதான் வாயடைத்துப்போகின்றன. இன்று சிகிச்சையை முடிவு செய்ய உதவும் பார்சிலோனா முறையான பிசிஎல்சியில் மரபணு மதிப்பெண் எதுவும் இல்லை. கட்டி, ஈரலின் வலு, நோயாளியின் நடமாட்டம் ஆகியவற்றை வைத்தே அது நிலையைச் சொல்கிறது. எச்.சி.சி. நோயாளியின் ஆயுள் கட்டியை மட்டும் பொறுத்ததல்ல. கட்டியைச் சுற்றியுள்ள ஈரல் தாங்குமா என்பதும் பாதிக் கேள்வி. 2015இல் வந்த அல்பி மதிப்பெண்ணுக்கு ஆல்புமினும் பிலிருபினும் மட்டும் போதும். சாதாரண ரத்தப் பரிசோதனை. ஆல்புமினைவிடப் பச்சையான ஈரல் குணக் குறி ஏது!

பலவீனத்தைத் தாக்கினால்?

ஏஎஸ்எஸ்1 அணைந்த கட்டிக்கு அர்ஜினின் வெளியிலிருந்துதான் வர வேண்டும் என்று பார்த்தோம். ரத்தத்தில் இருக்கும் அர்ஜினினை ஒரு நொதியால் அழித்துவிட்டால் கட்டி பட்டினியில் சாக வேண்டும். ஏடிஐ-பெக் 20 என்ற மருந்து இந்த எண்ணத்தில் பிறந்தது. 635 எச்.சி.சி. நோயாளிகளிடம் நடந்த மூன்றாம் கட்டச் சோதனையின் முடிவு 2018இல் வெளியானது: மருந்து பெற்றவர்களின் இடைநிலை ஆயுள் 7.8 மாதம், பெறாதவர்களுக்கு 7.4. வித்தியாசம் இல்லை என்றே பொருள். யாருடைய கட்டியில் ஏஎஸ்எஸ்1 உண்மையிலேயே அணைந்திருக்கிறது என்று பார்த்து ஆள் சேர்க்கவில்லை என்பது ஒரு குறை. மருந்தே பாக்டீரியாவிலிருந்து வந்த நொதி என்பதால் உடல் அதற்கு எதிர்ப்பொருள் செய்துவிடுவது இன்னொன்று. சில வாரங்களில் அர்ஜினின் பழைய அளவுக்கு ஏறிவிடும்.

எச்கே2வை அடைக்கலாமே என்றால், தசையும் இதயமும் அதைத்தான் நம்பியிருக்கின்றன. ஒரு பாதையை அடைத்தால் கட்டி வேறு எரிபொருளுக்கு மாறிக்கொள்வதும் உண்டு.

வெற்றி கிடைத்தது பக்கத்து வீட்டில். ஈரலுக்குள் ஓடும் பித்தக்குழாயில் எழும் புற்றுநோயில், பத்துக்கு ஒன்றுக்கு மேல் ஐடிஹெச்1 என்ற வளர்சிதை மாற்ற மரபணுவில் பிறழ்வு இருக்கும். அங்கே நொதி அணைந்துபோகவில்லை. இயல்பில் செய்யாத 2-ஹைட்ராக்சி குளூட்டரேட் என்ற பொருளைச் செய்துகொண்டே இருக்கிறது. புதிதாக முளைத்த வேலையை நிறுத்துவது எளிது. மறந்துபோன வேலையை நினைவூட்டுவதுதான் கடினம். இந்தப் பிறழ்ந்த நொதியை அடைக்கும் ஐவோசிடெனிப் மாத்திரைக்கு, முன்பே சிகிச்சை பெற்ற பித்தக்குழாய்ப் புற்றுநோயாளிகளுக்காக, அமெரிக்காவில் 2021இல் அனுமதி கிடைத்தது. எச்.சி.சி.யில் ஐடிஹெச்1 பிறழ்வு மிக அரிது. ஆகவே ஈரலில் கட்டி என்றதும், அது ஈரல் செல்லில் எழுந்ததா பித்தக்குழாயில் எழுந்ததா என்பதை பயாப்சி அறிக்கையில் முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆர்ஜினேஸ்-1 சாயம் அங்கே ஒட்டியதா இல்லையா என்ற ஒரு வரியில் அதற்கான விடை பெரும்பாலும் இருக்கும்.